சட்டை முதுகில் ஒரு பெயர்

அன்புள்ள முனீஸ்வரி,

கடல் தாண்டி இங்கே நான் நலம். அலங்காநல்லூரில் நீயும் பாப்பாவும் அம்மாவும் சுகந்தானே?

எங்கள் கரண்டுக் கம்பெனி வேறொரு நாட்டுக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது. இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டி, இங்கிலீஷில் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். வாசித்தால் ‘பிணம்’! அதைச் சட்டை முதுகில் வேறு அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

“முதுகுல பிணம்னு எழுதிக்கிட்டு எவன்யா கரண்டு கம்பத்துல ஏறுவான்?” என்று என்னோடு வேலை பார்க்கும் பழங்காநத்தம் துளசிராம் அண்ணன் கத்தினார். தமிழ் தெரியாத மேனேஜரிடம் நான் அர்த்தம் சொன்னேன், சிரிக்கிறான். பெயர் வைக்குமுன் எங்களில் ஒருத்தனைக் கேட்டிருந்தால் குறைந்தா போவார்கள்? சட்டையைத் திருப்பித்தான் போட்டுக்கொள்கிறேன்.

பொங்கல் பார்சல் கம்பெனிப் பெட்டியில் வருகிறது. மேலே அந்தப் பெயர்தான் இருக்கும். பாப்பா எழுத்துக்கூட்டி அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதற்குள் நீயே பிரித்து, சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு.

வேலைக்குப் போக வேன் வந்துவிட்டது. பயந்துவிடாதே, பெட்டியில் வருவது சேலைதான், நானில்லை.

உன்,
தங்கப்பாண்டி