உங்கள் வலது, என் இடது

அக்கா,

தென்காசி கண் ஆஸ்பத்திரியில் இன்று எனக்கு மீன்தொட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சொட்டு மருந்து விட்டிருந்ததால் எல்லாமே மங்கல். மீன்கள் தெரியவில்லை. குமிழ்கள் ஏறிவந்து உடையும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். மதுரை ஆஸ்பத்திரியின் அந்த வார்டு மெல்ல மிதந்து வந்தது. உங்கள் விலாவில் சொருகிய குழாய், அது போய் முடியும் தண்ணீர் பாட்டில், நீங்கள் மூச்சு விடும்போதெல்லாம் அதில் எழும் குமிழ்கள்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில் என்பதைத் தவிர நமக்குள் அன்று வேறு உறவில்லை. நீங்கள் சிவகிரியில் சத்துணவு அமைப்பாளர். நான் மேலகரத்தில் ரவிக்கை தைப்பவள். இரண்டு பேருமே புகைத்தவர்கள் இல்லை. உங்களுக்கு விடாத சளிக்கு எடுத்த எக்ஸ்ரேயிலும், எனக்குப் பித்தப்பைக் கல் ஆப்பரேஷனுக்கு முன்பு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயிலும் சின்னதாய் ஒரு வெள்ளைப் புள்ளி. சதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுதான் என்றார்கள். ஆரம்ப நிலை, இடம்விட்டு நகரவில்லை, நுரையீரலில் அது இருக்கும் மடலை, அந்த ஒரு பகுதியை மட்டும், எடுத்துவிட்டால் நல்லது என்றார் டாக்டர்.

உங்களுக்கு ஆப்பரேஷன் முதலில் முடிந்தது. என் முறை வந்த அன்று காலையில் என் வீட்டுக்காரரின் அண்ணன் போனில் அழைத்தார். "கத்தி பட்டாப் பரவிரும்மா. ஊருக்கு வந்துரு, மருந்து குடிச்சே பாத்துக்கிடலாம்." நான் பையை எடுத்துத் துணிகளை அடைக்க ஆரம்பித்தேன்.

"ஏட்டி, எங்க கெளம்புத?" என்றீர்கள்.

"வீட்டுக்கு, யக்கா. எனக்கு இது வேண்டாம்."

"போ. நான் தடுக்கல. ஆனா அதுவும் உங்கூட பஸ்ஸுல வருமுல்லா. டிக்கெட்டுகூட எடுக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதேன். வலியோடு எட்டி என் கையைப் பிடித்தீர்கள். ஸ்ட்ரெச்சர் வரும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த காலைகள் இப்போதும் எனக்குக் கனவு போலத்தான் இருக்கின்றன. வலி மருந்தில் தரை பஞ்சாக இருந்தது. குடத்தோடு தண்ணீருக்குப் போகிறவர்களைப் போல ஆளுக்கொரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்த நீள வராந்தாவில் நடந்தோம். சன்னல் வெளிச்சம் கட்டம் கட்டமாய் விழுந்து கிடந்தது. உங்களுக்கு வலப்பக்கம் மேல் மடல் போயிருந்தது, எனக்கு இடப்பக்கம் கீழ் மடல். "உன் வலது முழுசா இருக்கு, என் இடது முழுசா இருக்கு. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும்லா?" என்று நீங்கள் மூச்சு வாங்கச் சொன்னதும், பின்னால் வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள்.

மறு வருடம் டாக்டர் சரி சொன்னபின், சீசனுக்குக் குற்றாலம் வந்தீர்கள். ஐந்தருவியில் பெரிய தண்ணீருக்குப் போகாமல் ஓரத்தில் ஒழுகிய கிளையில் நின்றோம். சாரலில் மலையே இல்லாமல் போயிருந்தது. தழும்பின் மேல் தண்ணீர் பட்டதும் நீங்கள் "ஆத்தாடி" என்று ஒரு மூச்சு இழுத்தீர்களே, அத்தனை நீளமாக அதற்குமுன் நீங்கள் மூச்சு இழுத்து நான் பார்த்ததில்லை.

பரிசோதனைக்கு ஒரே தேதியாகக் கேட்டு வாங்கிச் சேர்ந்தே போனோம். சில வருடங்களுக்குப் பிறகு ஒரு தடவை என் ஸ்கேன் சுத்தமாக வந்தது. உங்களுடையது அப்படி வரவில்லை. எலும்பில் தெரிகிறது என்றார்கள். ஒரே நிலை, ஒரே ஆப்பரேஷன், பிறகு ஏன் இப்படி என்று நான்தான் டாக்டரிடம் சண்டைபோல் கேட்டேன். ஆரம்பத்திலேயே எடுத்தவர்கள் நிறையப் பேர் நன்றாக இருக்கிறார்கள், சிலருக்கு மட்டும் எந்த ஸ்கேனிலும் தெரியாத ஒரு துளி முன்பே நகர்ந்திருக்கும் என்றார். வெளியே வந்து உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

"நீ ஏன்ட்டி திருடுனவ மாதிரி நிக்க? உனக்கு நல்லா வந்துருக்கு. வா, காப்பி குடிப்போம்."

மாத்திரைகளோடு இன்னும் கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தீர்கள். பிறகு போய்விட்டீர்கள். சிவகிரியில் உங்கள் வீட்டு முற்றத்தில் ஒருவர், "அன்னைக்கே அறுக்க விட்டுருக்கக் கூடாது" என்றார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாத நான் எழுந்துவிட்டேன். "அண்ணாச்சி, அறுத்ததுனாலதான் அக்கா இத்தன வருசம் நம்மகூட இருந்தாவ." உங்கள் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

போன மாதம் பரிசோதனைக்கு மதுரைக்குத் தனியாகத்தான் போனேன். பக்கத்தில் சுந்தரபாண்டியபுரத்துப் பெண் ஒருத்தி. அவளுக்கும் அதே மாதிரி ஒரு புள்ளி, அதே பயம். நம் இருவர் கதையையும் சொன்னேன். "அந்த அக்கா இப்ப எங்க இருக்காவ?" என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

"நான் உங்கள மாதிரியா, அவுகள மாதிரியா?" என்றாள்.

"தெரியாதும்மா. எங்க ரெண்டு பேருக்கும்கூட அன்னைக்குத் தெரியாது."

ஆப்பரேஷனுக்குப் பிறகு நீங்கள் செய்ததையெல்லாம் சொன்னேன். மகளுக்குக் கல்யாணம் செய்தது, பேத்தியைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்குப் போக ஸ்கூட்டி பழகி முதல் நாளே வாய்க்காலுக்குள் இறங்கியது.

"ஸ்கூட்டியா? அந்த வயசுலயா?" அவள் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். தன் பையை என் மடியில் வைத்து, "வாற வரைக்கும் இங்கனயே இருங்கக்கா" என்றாள்.

இருந்தேன், அக்கா.