முக்காதீங்க, இழுங்க

என் செல்லத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நானும் நலம், இந்த முறை அதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

வேலையை விடப்போகிறேன் என்றேனே, விடவில்லை. முழங்கால் வலி என்று உன்னிடம் சொன்னது பச்சைப் பொய். குதித்தால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்று ஒரு விளையாட்டு டீச்சர் யாரிடம் போய்ச் சொல்வாள்? சின்னவன் பிறந்ததிலிருந்தே இந்தக் கூத்துதான். பையில் எப்போதும் மாற்றுத்துணி. கயிறு தாண்டும் வகுப்பு என்றால் விசில் ஊதுவதோடு சரி. ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன்.

சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் தசைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் கருவிகள் உண்டு என்று உன் மாமாதான் தேடிக் கண்டுபிடித்தார். ஒரு வகை, லேசாக மின்சாரம் கொடுத்துத் தானே தசையைச் சுருக்கிவிடும். நாம் சும்மா படுத்துக்கொள்ளலாம். சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும், அதையே வாங்கலாம் என்றேன். பிசியோதெரபி அம்மாவைக் கேட்காமல் கூடவே கூடாது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த அம்மா பரிசோதித்துக்கொண்டே, எங்கே, இறுக்கிக் காட்டுங்க என்றார். காட்டினேன். என்னம்மா, இன்னொரு பிள்ளை பெறப் போறீங்களா, இப்படி முக்குறீங்க என்று சிரித்துவிட்டார். பிரசவ அறையில் நர்ஸ் முக்கு முக்கு என்று கத்தியது மட்டும்தான் என் உடம்புக்குத் தெரிந்த பாடம். தசையை இறுக்கினால் சரியாகும் என்று எங்கோ படித்துவிட்டு, ஏழு மாதமாகத் தினமும் தலைகீழாகவே பயிற்சி செய்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள் நான்!

தசை நல்லாத்தான் இருக்கு, முக்காதீங்க, மேலே இழுங்க என்றார். நீங்கள் செய்வது சரியா என்று காட்டிக்கொடுக்கிற கருவிதான் உங்களுக்கு ஏற்றது என்றும் சொன்னார். உள்ளே வைப்பது கட்டைவிரல் அளவுதான். சரியாக இழுத்தால் போனில் கோடு ஏறும், முக்கினால் இறங்கும். முதல் வாரம் முழுக்க என் மானத்தை வாங்கியது. இப்போது பதினொரு வாரம். நேற்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாற்பது முறை கயிறு தாண்டினேன். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. கழிப்பறையிலேயே உட்கார்ந்து அழுதேன்டி.

குழந்தை பிறந்து நாலு மாதமாகிறது, வெளியே போகவே பிடிக்கவில்லை என்கிறாய். அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தபோது தும்மினாய், சட்டென்று போனை வைத்துவிட்டாய். நான் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், உனக்கும் அப்படித்தானா? கடையில் பார்த்ததை வாங்கிவிடாதே, முதலில் அங்கே ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்.

நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுதக் கூச்சமாக இருந்தால் வெறும் ஆமாம் என்று மட்டும் எழுது, போதும். எனக்குப் புரியும்.

உன் அக்கா