சீயாராம் வண்டி

நஜ்மா, தோஹா
14-1-1977

சௌபாக்கியவதி ஷியாமளாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இந்தப் பொங்கல் வெள்ளிக்கிழமை நான் கீழ்வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட இருப்பவர்கள் மெஹர்பானு, கட்டிலில் அவள் மருமகள் பத்ருன்னிசா, அவள் பக்கத்தில் பிறந்து ஐந்தே நாளான பெண் குழந்தை, வாசலில் மெஹர்பானுவின் பிள்ளை மீராசாவோடு டீ குடிக்கும் உன் அப்பா. எல்லோரும் சுகம். மாண்ட்ரியாலில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருப்பதும் அப்படியே இருக்கப் பெருமாள் பார்த்துக்கொள்வார்.

போன வாரம் இங்கே காற்று என்றால் அப்படிக் காற்று, கதவைத் திறந்தால் வாய்க்குள் மண், சந்து முனையில் இடுப்பளவு குவிந்து ஒரு வண்டியும் உள்ளே வர வழியில்லை. பத்ருன்னிசாவுக்கோ இன்றோ நாளையோ என்ற நிலை. மெஹர்பானு ஐந்து வேளையும் துஆ கேட்கிறாள், நான் மேலே ஸ்ரீராமஜெயம் எழுதுகிறேன். ஞாயிறு காலை பாதிப் பக்கம் எழுதியிருப்பேன், தெருவில் ஒலிபெருக்கியில் சீயாராம் சீயாராம் என்று கேட்கிறது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இந்த ஊர்த் தெருவில் பஜனையா, வடக்கத்திக்காரர்கள் கேம்ப்பிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வந்துவிட்டார்களா என்று பால்கனிக்கு ஓடிக் கைகூப்பி நின்றேன். வண்டியில் இருந்த அரபிக்காரர் கையை ஆட்டி ஆட்டி யல்லா யல்லா என்கிறார், நான் ஆசீர்வாதம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். அதற்குள் மெஹர்பானு மூச்சிரைக்க மாடியேறி வந்து, மாமி, யாரைக் கும்புடுறீங்க, அது பலதியா வண்டி, சையாரான்னா காரு, ரம்லுன்னா மண்ணு, காரை எடுத்தாத்தான் மண்ணை அள்ளுவாங்களாம், மத்தியான லுஹர் பாங்குக்குள்ள எடுக்கலேன்னா அடுத்த தெருவுக்குப் போயிருவாங்களாம், முனையில மண்ணுக்கு முன்னாடி நிக்கிறது உங்க வூட்டுக் காருதானே என்று கத்தினாள். பலதியா என்றால் இங்கே முனிசிபாலிட்டி, யல்லா என்றால் சீக்கிரம்.

உன் அப்பாவோ கம்பெனி பஸ்ஸில் டூட்டிக்குப் போய்விட்டார். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன், ஓட்ட எனக்கு என்ன தெரியும்? வழியில் போன ஒரு பட்டாணியர் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தார், ஸ்டார்ட் ஆகவில்லை, உள்ளேயெல்லாம் மண். அவர் ஜல்தி அம்மா ஜல்தி என்கிறார், நானும் மெஹர்பானுவும் தெருவில் நின்றவர்களும் பின்னாலிருந்து தள்ளினோம். ஆமாம், உன் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் கார் தள்ளினாள்! பாங்கு சொல்வதற்குள் மண் அள்ளும் லாரி உள்ளே வந்துவிட்டது. சாயங்காலமே பத்ருன்னிசாவுக்கு வலி எடுத்தது, மீராசாவின் பிக்கப் வீட்டு வாசல்வரை வந்து ஏற்றிக்கொண்டு போனது. குழந்தைக்குக் கொடி சுற்றியிருந்ததாம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் பிள்ளையும் தப்பியிருக்க மாட்டார்கள் என்றாராம் டாக்டர். உன் அப்பா, ராமர் வரவில்லை என்று யார் சொன்னது, லாரியில் வந்தாரே என்று கேலி செய்கிறார். கேலியோ நிஜமோ, நான் மீதிப் பக்கத்தையும் எழுதி முடித்தேன்.

பனி அள்ள வருகிறோம் என்று பிரெஞ்சில் போர்டு வைத்திருந்தார்களாம், புரியாமல் காரை விட்டுவிட்டீர்களாம், இழுத்துப் போய்விட்டார்களாம் என்று சிரித்து எழுதியிருந்தாயே, இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாசியில் உனக்கு நாள். தலைப்பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஊர்க்காரர்கள் சொல்லத்தான் சொல்கிறார்கள், நமக்குத்தான் காதில் வேறாக விழுகிறது. நம் தமிழ்க்காரர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருக்காதே. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு, ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு போ. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறக்காதே, காலில் கம்பளி மேஜோடு போட்டுக்கொள். தீர்க்க சுமங்கலியாக, நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழுந்திரு.

உன் கட்டடத்தில் பிரெஞ்சு தெரிந்தவள் யார், எந்த மாடி, பெயர் என்ன? உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயலட்சுமி