கழற்றாத பல்

ஜூலை 8, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. மஸ்கெலியா பஸ் தாமதம். வாங்க வேண்டியவை: சீனி, மெழுகுவர்த்தி, வாய்க்கு மருந்து.

பத்து நாளாக எரிச்சல். மேலண்ணத்தில் வெள்ளை மாதிரி ஏதோ. பாமசிக் கடைக்கார நானா வாயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "புண்ணுன்னா விட்டமின் சி தான், கணக்கப்பிள்ள. சப்பிச் சாப்பிடுங்க."

தேயிலைத் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம். இன்னும் கணக்கப்பிள்ளை என்கிறார். சுகமாக இருந்தது. இன்று வேறு யாரோடும் பேச்சில்லை.

ஜூலை 10, வியாழன்
ஒன்றுக்கு மூன்றாக மாத்திரை சப்பினேன். தேசிக்காய்த் தண்ணீர் வேறு. எரிச்சல் கூடிவிட்டது. ரொட்டியைத் தொட முடியவில்லை.

மகள் செல்வி குவைத்திலிருந்து வீடியோவில். அவள் வேலை செய்யும் வீட்டின் அம்மா வெளியே போனால்தான் அவளுக்குப் போன், நேரம் காலம் கிடையாது. அதனால் பல்செட்டை நான் கழற்றுவதே இல்லை, தூங்கும்போதும். பொக்கை வாயோடு பார்த்தால் அங்கே தனியாக அழுவாள்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன்மா."

பொய். சிரித்துக் காட்டினேன்.

ஜூலை 11, வெள்ளி
ஆஸ்பத்திரி. பல் டொக்டர் சின்னப் பெண். பல்லைக் கழற்றச் சொன்னார். வெட்கம்.

"வீட்ல எப்ப கழட்டுவீங்க ஐயா?"

"கழட்டுறதே இல்லங்க."

"அதான். பல்செட்டுக்கு அடியில பங்கசு, பூஞ்சணம் மாதிரி. விட்டமின் சி உடம்புக்கு வேணும், வீக்கம் ஆறவும் கொஞ்சம் உதவலாம். ஆனா பங்கசு அதுல சாகாது. சப்புனா புளிப்புல இன்னும் எரியும்."

சொட்டு மருந்து, நாலு வேளை. சாப்பிட மட்டும் பல். மற்ற நேரம் கழுவித் தண்ணீரில்.

"வெள்ளை குறையுதான்னு வீட்ல யாரையாச்சும் டோர்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

தலையாட்டினேன். வீட்டில் நான் மட்டும்தான், யாரைப் பார்க்கச் சொல்ல?

ஜூலை 13, ஞாயிறு
மழை விட்டது. கீழ் லயத்து வீடொன்றில் கல்யாணம், பாட்டுச் சத்தம். கூப்பிட்டிருந்தார்கள். போகவில்லை. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் அத்தனை பேரை அதட்டிய வாய், இன்று பல் கோப்பையில்.

கண்ணாடியில் டோர்ச் அடித்தேன். மேலண்ணம் தெரியவில்லை. அழுகை வந்தது, சும்மா.

மூன்று மணிக்குப் போன். பல் கோப்பை அடுப்படியில். மணி நின்றால் அடுத்தது எப்போதோ. அப்படியே எடுத்தேன்.

"பல்லு எங்கப்பா?" என்றாள் செல்வி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எனக்காகவா கழட்டாம இருந்தீங்க?" மூக்கை உறிஞ்சினாள். "டோர்ச்ச எடுங்க. வாயத் தொறங்க. இன்னும்."

ஒரு கையில் டோர்ச், ஒரு கையில் போன்.

"ஓரத்துல வெள்ளையா இருக்குப்பா. நாளைக்கும் பாக்கணும்."

நாளைக்கும் என்றாள்.