அரியூர் வயலில் இறங்கிய விமானம்

1937 ஜனவரி 12, செவ்வாய்

எட்டு மணி வரை பனி. டிஸ்பென்சரியில் ஐந்து பேர். நான்கு குளிர்காய்ச்சல், ஒரு பல்வலி. கொயினா மருந்து தீரப்போகிறது, எழுதிக் கேட்க வேண்டும்.

காப்பித் தோட்டத்துத் துரையின் புது விமானம் நேற்று இந்த மலைமேல் அரியூர் நாட்டில், அறுப்பு முடிந்த வயலில் இறங்கியதாம். இரண்டு பேர் உட்காரலாம், அவ்வளவுதான். நாளை திரும்பிப் பறக்கிறார். தரையில் ஓடும்போது இறக்கையைப் பிடித்துக்கொண்டு நடக்க நான்கு ஆள். அவர் இங்கிலீஷைத் தமிழில் சொல்ல நான். கம்பவுண்டர் வேலையில் இதுவும் சேர்த்தி போல.

13, புதன்

எழுதவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

காலை பத்து மணி. பலத்த காற்று. விமானம் வயலின் கோடிக்கு மெல்ல உருண்டு போனது. இடது இறக்கையைப் பிடித்தபடி சடையன். வயலே அவருடையது. சக்கரம் வரப்பில் மாட்டிக்கொண்டது. துரை இன்ஜினை நிறுத்தவில்லை. தூக்கிவிடலாம் என்று சடையன் குனிந்துகொண்டு முன்பக்கம் நகர்ந்தார். கூடாது என்று துரை கத்தினார். நானும் கத்தினேன்.

"முன்னால வராதீங்க!"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையாட்டினார். முன்னால் வந்தார். அதே நேரம் விமானம் வரப்பைத் தாண்டித் துள்ளித் திரும்பியது. மூக்கில் சுழன்ற விசிறி அவர் வலது கையில்.

முழங்கைக்குக் கீழே எலும்பு நொறுங்கிப் போச்சு. வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். டிங்சர், பஞ்சு. அதற்கு மேல் என்னிடம் என்ன இருக்கிறது? விசிறியும் ஒடிந்துவிட்டது. இல்லையென்றால் அதே விமானத்தில் அரை மணியில் சேலம்.

டோலி கட்டினோம். மலை இறங்கிக் காரவள்ளி சேரவே மாலை ஆகிவிட்டது. வழியெல்லாம் "தண்ணி குடுங்க சாமி." வேறு பேச்சில்லை. அடிவாரத்தில் ஒரு லாரி ஏற்றிக்கொண்டது. அவர் மனைவி வெள்ளையம்மா கூடப் போனாள்.

15, வெள்ளி

துரை ஒரு காகிதம் நீட்டினார். தடுத்தும் கேளாமல் ஆள் தானாகவே முன்னால் வந்தான் என்று. பொய் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

18, திங்கள்

சேலம் ஆஸ்பத்திரி. முழங்கைக்கு மேலே கையை எடுத்தாயிற்று. ஜுரம் இறங்கிவிட்டது, உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர்.

"மொளகு பறிக்க மரமேற ரெண்டு கை வேணுமுங்களே," என்றாள் வெள்ளையம்மா. என்னிடம் இல்லை, சுவரிடம்.

சடையன் கண் திறந்தார். "ஏனுங்க கம்பவுண்டரு, கிறுக்கனாட்டம் நானாப் போய் மாட்டிக்கிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்களாம். நீங்க வாங்கன்னு கூப்புட்டீங்கல்ல? என் காதுல உழுந்துச்சுங்க. இவகிட்ட சொல்லுங்க."

அன்று நான் கத்தியது 'வராதீங்க'. நடுவில் இருந்த எழுத்துகளை இன்ஜின் தின்றுவிட்டிருக்கிறது. அவருக்கு எட்டியது 'வாங்க' மட்டும்.

"ஆமாங்க. நான்தான் கூப்பிட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளையம்மா எழுந்தாள். நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைத் திரும்ப என் பையிலேயே ஒவ்வொன்றாகப் போட்டாள்.