இடது கைத் துப்பாக்கி

அன்புள்ள மகளுக்கு,

நீ உன் அம்மாவோடு மிசூலாவுக்குப் போய் நான்கு வருடம். அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. மறந்துவிடவும் இல்லை.

பழைய துப்பாக்கி ஒன்பது பவுண்டு. அதைச் சுமந்து மலையேறினால் எல்க் மான் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்று நீ சொன்னது சரிதான். புதிதாக ஒன்று வாங்கினேன். குழலை இரண்டு அங்குலம் குறைத்து, மரக் கட்டைக்குப் பதில் கார்பன் இழைக் கட்டை போட்டதில் ஆறு பவுண்டுக்கு இறங்கியது. இலேசான துப்பாக்கி தோளில் பலமாக உதைக்கும் என்பதால் பின்புறம் தடித்த ரப்பர் வைக்கச் சொன்னேன்.

துப்பாக்கிப் பட்டறைக்கார வெண்டல், தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட்டின் கைப்பிடியைப் பார்த்தான்.

"ஏன் வாத்தியாரே, இது இடது பக்கமால்ல இருக்கு? இடது கை உன் பொண்ணுக்குத்தானே?"

"கடையில் இதுதான் இருந்தது."

"பொய் சொல்லவும் கொஞ்சம் பழகணும்யா" என்றான்.

எல்க் வேட்டை அனுமதிக் குலுக்கலுக்கு இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இருவர் சேர்ந்து போடும் படிவத்தை வாங்கியிருக்கிறேன். விழுந்தால் இருவருக்கும் விழும், இல்லையென்றால் இருவருக்கும் இல்லை. உன் வேட்டை உரிம எண் எனக்குத் தெரியாது. கேட்டு வாங்குவதும் எனக்கு வராது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

தனியாகப் போடும் படிவத்தை நான் வாங்கவில்லை.

இப்படிக்கு,
அப்பா