முற்பிறவிப் பட்டியலில் ஒரு திருத்தம்

என் இந்தப் பிறவிக் கணவருக்கு,

ஊர் ஊராகப் பிரம்மஞான சபைச் சொற்பொழிவு செய்கிறீர்களே, தொண்டை எப்படி இருக்கிறது? கூட வந்திருக்கும் செயலாளர் அம்மா வெந்நீராவது வைத்துத் தருகிறாரா?

சபைத் தலைவர் ஞானதிருஷ்டியில் கண்டெழுதிய உங்கள் முற்பிறவிப் பட்டியல் புரூஃப் பார்க்க என்னிடம்தான் வந்தது. ஏழு பிறவியிலும் அந்த அம்மாதான் உங்கள் மனைவியாம். நான் ஒன்றிலும் இல்லை, வேலைக்காரியாகக்கூட.

"அது ஆன்ம உறவு. உனக்கு ஏன் வயிறு எரியுது?" என்பீர்கள். எனக்கொன்றும் எரியவில்லை. ஒரு எழுத்துப்பிழைகூட விடாமல் பார்த்தேன். 'மனைவி' என்றிருந்த ஏழு இடத்திலும் 'மாமியார்' என்று திருத்தினேன். நேற்றே அச்சாகிவிட்டது.

அந்த மாமியாரின் மகள் யாரென்று சபையில் கேட்டால், என்னைச் சொல்லுங்கள்.

எட்டுப் பிறவிக்கும்
உங்கள் மனைவி